எட்டுத் திருகும் நெயில் பாலிஷும்

அந்த ஆளை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. தேனிக்கு வெளியே ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் ரைஃபிள் கிளப். நான் முதன்முதலாக அங்கே போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு கையில் ஏர் ரைஃபிள் உறையும் மறு கையில் பையுமாக நிற்கிறேன். அவர் என் தலைக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்து, "சார் வண்டிய நிறுத்திட்டு வர்றாகளா?" என்று கேட்டார். சார், அதாவது என் வீட்டுக்காரர், கம்பத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். சுடுவது நான்தான் என்று சொன்னேன். "அப்படியாம்மா" என்றார். அந்த "அப்படியாம்மா"வை நான் மூன்று வருடம் மனதில் வைத்திருந்தேன்.

மனதில் வைத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரி. கம்பத்தில் மோட்டார், பம்ப்செட் உதிரி பாகக் கடை நடத்துகிறேன். கல்லாவில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, "கடையில ஆம்பள யாரும் இல்லையா" என்று கேட்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், அவருடைய பம்ப் ஏன் பேரிங்கைத் தின்கிறது என்று நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, பக்கத்து டீக்கடையில் நின்ற ஆளிடம் போய் அதையே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வந்தார். டீக்கடையில் நின்றவர் வாழைக்காய் ஏவாரி. மோட்டாரும் பம்பும் ஒரே நேர்கோட்டில் உட்கார வேண்டும், ஒரு நூல் விலகினாலும் எல்லாம் போச்சு என்பதை இந்தக் கடையில் நான் சொல்லாத நாள் கிடையாது. அதனால் நேர் பார்ப்பது பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வந்தால் பற்றிக்கொண்டு வரும்.

கிளப்பில் அந்த வகுப்பை எடுக்கிறவர் அவர்தான். அறுபதை ஒட்டிய வயசு. போடி கடைவீதியில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். அவர் சுடுவதில்லை. கண் ஒத்துழைக்காது என்பார். ஞாயிற்றுக்கிழமை போடியில் சர்ச் முடிந்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்படியே பஸ் ஏறிப் பதினொரு மணிக்கு வந்து சேருவார். எங்கள் ரைஃபிள்களில் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாய், பொருத்துவதும் சரிபார்ப்பதும் அவர் வேலை. அதற்காக அவரைச் சந்தா இல்லாத உறுப்பினராக வைத்திருந்தார்கள். கருவி அலமாரிச் சாவி அவரிடம்தான் இருக்கும். சட்டைப் பையில் போட்டு, அடிக்கடி மேலாகத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதுவும் எனக்குப் பிடிக்காது.

போன வருடம் புரட்டாசியில் புது ஸ்கோப் வாங்கினேன். காரணம் இருந்தது. மாநிலப் போட்டிக்கு, ஸ்கோப் வைத்துச் சுடும் பெண்கள் பிரிவில், எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு ஆள்தான் போகலாம். அதற்கு முந்தைய வருடம் இரண்டு புள்ளியில் அந்த இடத்தைப் பெரியகுளத்திலிருந்து வரும் ஒரு பேங்க் கிளார்க்கிடம் விட்டேன். அவள் போட்டியிலிருந்து திரும்பி வந்து ஒரு வருடம் முழுக்க அங்கே கொடுத்த டீ-சர்ட்டையே போட்டுக்கொண்டு வந்தாள். இந்த முறை அந்த இடம் எனக்கு வேண்டும். எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

வேறு வழியில்லாமல் ஸ்கோப்பை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். ரைஃபிளின் முதுகில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அதை இரண்டு மவுன்ட்கள் கவ்விக்கொள்ளும். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அரைவட்டம். ஸ்கோப்பை அதில் படுக்கவைத்து, மேலே இன்னோர் அரைவட்டத்தை மூடி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு திருகு போட்டால் அது ஒரு ரிங். இரண்டு ரிங்குக்கு எட்டுத் திருகு. கேட்க இவ்வளவுதான். அண்ணாச்சி இதற்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

முதலில் ரிங்கின் உள்பக்கத்தையும் ஸ்கோப் குழாயையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். உள்ளே துளிப் பிசுக்கு இருக்கக்கூடாது என்று சொன்னார். என்னைக் கண்ணை மூடிக் கன்னத்தை ரைஃபிளின் பின்கட்டையில் வைக்கச் சொல்லி, பிறகு திறக்கச் சொன்னார். வட்டத்தின் ஓரத்தில் கறுப்பு தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு, முழு வட்டமும் வெளிச்சமாகத் தெரிகிறவரைக்கும் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தினார். எதிர்ச் சுவரில் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலின்மேல் ஸ்கோப்புக்குள் இருக்கும் நெட்டுக்கோடு சரியாக விழும்வரை குழாயை உருட்டினார். அப்புறம் எட்டுத் திருகையும் குறுக்கும் மறுக்குமாகக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினார். ரிங்கின் இரண்டு பக்கமும் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவே மயிரிழை இடுக்கு இருக்கும். அது இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று துண்டுக் காகிதம் விட்டுப் பார்த்தார். ஓர் அளவுக்கு மேல் இறுக்க மாட்டேன், குழாய் நசுங்கிவிடும், காய்ந்த ரிங்குக்கு இந்தப் பிடியே போதும் என்றார். கடைசியாகப் பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்தார். மகளுடையதாம். ஒவ்வொரு திருகின் தலையிலும் ரிங்கைத் தொட்டாற்போல ஒரு சொட்டு வைத்தார். யாராவது திருகைத் தொட்டால் அந்தச் சொட்டு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. என் பொருளுக்கு இந்த ஆள் சீல் வைக்கிறாரா என்று இருந்தது. அவர் சொன்னதில் எங்கே குத்தல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, சொன்னதைக் கேட்டேனா என்றால் பாதிதான்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. கடையில் வேலை தலைக்கு மேல். வைண்டிங் மெஷின், கிரைண்டிங் வீல், டிரில்லிங் மெஷின், ஸ்பேனர் செட், எடை மெஷின், கால்குலேட்டர் வரைக்கும் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பூசணிக்காய் உடைக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து நின்று, ஃபோட்டோவில் முன்னால் தெரிவார். மற்றதெல்லாம் நான். எண்ணெய் போட்டு மினுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ரைஃபிளையும் ஒரு தாம்பாளத்தில் வைத்தேன். போட்டி வருடம் அல்லவா, கொஞ்சம் அதிகமாகவே கும்பிட்டேன். மறுநாள் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து எடுத்து வைத்தோம்.

தேர்வுச் சுற்று ஐப்பசி முதல் ஞாயிறு. முதல் குறி அட்டையில் பத்துக் குண்டும் நடுவட்டத்தைச் சுற்றியே விழுந்தன. இரண்டாவது அட்டையில் மூன்று குண்டு இடது கீழே இறங்கியது. திருத்திச் சுட்டால் அடுத்தது வேறு எங்கோ போனது. என்னுடையது ஸ்பிரிங்கில் இயங்கும் ஏர் ரைஃபிள், சுடும்போது முன்னும் பின்னும் ஓர் உலுக்கு உலுக்கும், அது பழக்கம்தான். ஆனால் மூன்றாவது அட்டையில் வட்டத்தின் ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பு தெரிய ஆரம்பித்தது. தலையை எங்கே வைத்தாலும் அது போகவில்லை. நான்காவது அட்டையைப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை. பெரியகுளத்துக்காரி பக்கத்து மேசையில் தண்ணீர் குடித்துக்கொண்டு என் அட்டையை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அண்ணாச்சி அப்போதுதான் வந்திருந்தார். ரைஃபிளைக் கொண்டுபோய் அவர் மேசையில் டமாரென்று வைத்தேன். ஸ்கோப் நகர்ந்திருக்கிறது என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. அவர் கண்ணாடியை மேலே தள்ளிக் குனிந்து பார்த்தார். பின்பக்க ரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். நெற்றியில் என்ன இருக்கிறது என்று இந்த ஆள் பார்க்கிறார் என எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

"இதை யாராச்சும் தொட்டாகளாம்மா?"

"யாரும் தொடலை. நானும் தொடலை. உங்க நெயில் பாலிஷே சாட்சி, எட்டுல ஒண்ணாவது வெடிச்சிருக்கா பாருங்க. திருகு அசையாம ஸ்கோப் அசைஞ்சிருக்குன்னா, நீங்க பிடிச்ச பிடி அப்படி."

என்ன பாயிண்ட் பார்த்தீர்களா. இன்றைக்கும் அதைவிடக் கச்சிதமாக யாரையும் மடக்கியதில்லை. அவர் வாயைத் திறந்தார். மறுபடி ரிங்கைப் பார்த்தார். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் "சரிம்மா"வை ஒப்புதல் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஆரம்பித்து வைத்ததும் ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். வருடக்கணக்காகக் குறி தப்பியவர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது. கிளப் செயலாளர் ரிட்டையரான அரசாங்க அதிகாரி, எதையும் எழுதி வைக்கிறவர். பொருத்தியவரின் தவறால் ஏற்பட்ட கோளாறு என்று எழுதினார். என் சுற்று செல்லாது, இரண்டு வாரம் கழித்து நான் மறுபடி சுடலாம் என்று எழுதினார். சாவியை அண்ணாச்சியிடமிருந்து கேட்டு வாங்கினார். அண்ணாச்சி பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வந்த பத்தாவது நிமிடமே போடி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே சந்தோஷமாக இருந்தது.

இனி என் ஸ்கோப்பை நானே பொருத்திக்கொள்கிறேன் என்று சபதம். மறுசுற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், சந்தை நாள் கூட்டம் ஓய்ந்து கடையில் யாரும் இல்லாத நேரம், ரைஃபிளை வேலை மேசையில் வைஸ் இடுக்கிக்குள் ரப்பர் கொடுத்து நிறுத்தினேன். ஆலன் கீயை வைத்துத் திருகியதும் நெயில் பாலிஷ் பட்டென்று வெடித்தது. அதிலும் ஒரு திருப்தி. நான்கு திருகையும் கழற்றிப் பின்பக்க ரிங்கின் மேல்மூடியைத் தூக்கினேன்.

உள்ளே மஞ்சளாக இருந்தது. மஞ்சளுக்கு நடுவே கொஞ்சம் சிவப்பு. விரலால் தொட்டால் வழுவழுவென்று ஓடியது. முகர்ந்து பார்த்தேன். சிக்கடித்த தேங்காய் எண்ணெயும் சந்தனமும். முன்பக்க ரிங்கைக் கழற்றினால் அதிலும் அதே கதை.

யார் வேலை இது என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டுக்காரரா, பெரியகுளத்துக்காரியா என்று ஒரு நிமிடம் மனசு ஊரைச் சுற்றியது. பிறகு நிமிர்ந்தேன். எதிரே கிரைண்டிங் வீலின் மூடியில், மூடி சேரும் இடுக்கை ஒட்டி, துடைத்தும் போகாத சந்தனமும் குங்குமமும் காய்ந்து உட்கார்ந்திருந்தது. நான் எப்போதும் பொட்டு வைக்கிற இடம் அது. மெஷினில் எங்கே மூட்டு இருக்கிறதோ அங்கே வைப்பேன். ரிங்கிலும் அந்த மயிரிழை இடுக்கின்மேலேயே வைத்திருக்கிறேன், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரிங்குக்கும் சேர்த்து நான்கு பொட்டு. அதற்கு முன்னால் தாராளமாக எண்ணெய் போட்டு மினுக்கியிருக்கிறேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தபோது சந்தனம் கரைந்து இடுக்குக்குள் போயிருக்கிறது. எண்ணெய் அதற்கு முன்னாலேயே போயிருக்கும். ரைஃபிளைக் காரில் கொண்டுபோனபோது டிக்கியின் சூட்டில் அது உள்ளே பரவியிருக்கும். எண்ணெயில் நனைந்த ரிங் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. ஒவ்வொரு உலுக்குக்கும் ஸ்கோப் ஒரு மயிரிழை பின்னால் வந்திருக்கிறது.

யாரும் தொடலை என்று நான் சொன்னது பொய்யில்லை. சாமி கும்பிட்டதை யாராவது தொட்டதாகக் கணக்கில் சேர்ப்பார்களா?

வெட்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் வேலையைப் பார்த்தேன். மவுன்ட்டையும்கூடக் கழற்றி, ரிங், குழாய், முதுகுப் பள்ளம் எல்லாவற்றையும் தின்னரால் மூன்று முறை, காய்ந்த துணியால் மூன்று முறை துடைத்தேன். ரசமட்டம் வைத்து ரைஃபிளை மட்டமாக நிறுத்தினேன். ஷட்டர் கொக்கியில் தூக்குக்குண்டு கட்டினேன். கன்னத்தை வைத்து, கண்ணை மூடித் திறந்து, கறுப்பு போகும்வரை நகர்த்தி, நூலின்மேல் கோடு விழும்வரை உருட்டி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினேன். பாதி கேட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அவர் சொன்னது முழுக்க எனக்கு ஞாபகம் இருந்தது. நூலும் கோடும் ஒன்றாகிப் போனபோது, வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் ஜெயித்துவிடுவேன் என்று தெரிந்தது. இந்த ரிங்குக்குள் என்ன இருந்தது என்று எனக்கும் அந்தத் துணிக்கும் மட்டும்தான் தெரியும். துணியை எரித்தால் முடிந்தது. அதே நேரத்தில், அண்ணாச்சி அன்றைக்கு ரிங்கைப் பார்த்துவிட்டு என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்த பார்வையும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

சனிக்கிழமை காலையில் போடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. சண்டை போடத்தான் போனேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அது அவர் தப்பு, பாதிப் பழியாவது அவர் தலையில் கிடக்கட்டும் என்று வழி முழுக்கப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். கடை ஒடுக்கமாக இருந்தது. சுவரில் பைபிள் வசனக் காலண்டர், கீழே பிரித்துப் போட்ட தையல் மெஷின். என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"அன்னைக்கே பாத்துட்டீகளா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். பின்னாடி ரிங் இடுக்குல மஞ்சளா ஒரு கோடு."

"அப்ப ஏன் வாயத் திறக்கலை?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "யாராச்சும் தொட்டாகளான்னு கேட்டேன். யாரும் தொடலைன்னீக. அதுக்கு மேல நான் என்ன சொல்ல? சர்ச்சுல இருந்து நேரா வர்ற ஆளு நான். இருபது பேரு முன்னால நின்னு, நீங்க சந்தனம் வச்சதாலதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னா, அங்கன பேச்சு ஸ்கோப்பப் பத்தியா நடக்கும்?" கண்ணாடியை மேலே தள்ளினார். "நீங்கதான் சும்மா விட்டிருப்பீகளா?"

விட்டிருக்க மாட்டேன். எங்கள் சாமியைப் பற்றிப் பேச நீங்கள் யார் என்று கேட்டிருப்பேன். அந்த வாக்கியம் என் வாயில் தயாராகவே இருந்திருக்கும், இன்னும் கச்சிதமாக, இன்னும் சத்தமாக. அதற்கும் ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டிருப்பார்கள். அவரிடமிருந்து சாவியைப் பிடுங்கியதோடு அது நின்றிருக்காது. அவர் சொன்னது சரி என்பதாலேயே அவர்மேல் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒன்று கேட்டார். "கழட்டினீகளே, குழாய்ல நசுங்கல் இருந்துச்சா?"

"இல்ல" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு மெஷினிடம் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் முன்னால் கத்திய அதே இடத்தில் நின்று சொன்னேன். எண்ணெய் போட்டது நான், பொட்டு வைத்தது நான், பொருத்தியவர் மேல் தப்பில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். செயலாளர் பேனாவை எடுத்து, அப்படியானால் மறுசுற்றுக்கு இடமில்லை, முதல் சுற்றுப் புள்ளிதான் கணக்கு என்று எழுதினார். அது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் அவர் எழுதி முடித்து அடிக்கோடு போடும்வரை அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியகுளத்துக்காரி தண்ணீர் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பதினொரு மணிக்கு வெள்ளைச் சட்டையோடு வந்தார். செயலாளர் எல்லார் முன்னாலும் சாவியைக் கொடுத்தார். வாங்கி அலமாரியைத் திறந்து, ஆலன் கீ செட்டை எடுத்து, எல்லாம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். நான் போய் என் ரைஃபிளை அவர் மேசையில் வைத்தேன், இந்த முறை மெதுவாக. நான் பொருத்தியதை ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே மன்னிப்பு அதுதான், வாயால் கேட்டுப் பழக்கமில்லை.

அவர் குனிந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார். முன்பக்க ரிங், பின்பக்க ரிங், இடுக்கு, நெயில் பாலிஷ் இல்லாத எட்டுத் திருகு, எல்லாவற்றையும் பார்த்தார்.

"நல்லாத்தான் வச்சிருக்கீக" என்றார். பிறகு, குரலில் கோபம் எதுவும் இல்லாமல், "உங்க ரைஃபிள இனி நான் தொட மாட்டேம்மா" என்றார்.

அடுத்து நின்றவர் தன் ரைஃபிளை நீட்டினார். அண்ணாச்சி அதை வாங்கி வைப்பதற்கு மேசையில் இடம் வேண்டியிருந்தது. நான் என்னுடையதை எடுத்துக்கொண்டேன்.